பெட்ரோல் காசு கேட்காத புரோக்கர்

அன்றைக்கு வாடகைக்குப் பார்த்த அந்த வீட்டு வாசலில் இருந்தவர்கள் ஆறு பேர். நான், என் வீட்டுக்காரர், பதினொன்றாவது படிக்கும் எங்கள் பெண், புரோக்கர், சாவி எடுத்துக்கொண்டு வந்த புரோக்கருடைய மச்சான், எதிரே சாக்கடைக்கு அந்தப் பக்கம் மாவு கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்த ஓர் அம்மா. வீட்டு ஓனர் அங்கே இல்லை. இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன். ஏனென்றால் பிற்பாடு அந்தப் புரோக்கர், "ஓனர் கையிலதானக்கா பணத்தக் குடுத்தீங்க, என்னை இன்னா கேக்கறீங்க?" என்று வாய் கூசாமல் சொன்னான். ஆறு பேர். ஓனர் இல்லை. நாற்பதாயிரம் அட்வான்சையும் ஐயாயிரத்து ஐந்நூறு கமிஷனையும் என் கையால் எண்ணி, வெற்றிலை பாக்கு வைத்த தட்டில் அவனிடம்தான் நீட்டினேன். கிழக்கே பார்த்து நின்று வாங்கிக்கொண்டான். அந்தச் சாங்கியமெல்லாம் நன்றாகத் தெரிந்திருந்தது அவனுக்கு.

பாண்டிச்சேரிப் பக்கம் வில்லியனூரில் நான்கு வருடமாக வாடகைக்கு இருந்தோம். சொந்த ஊர் செஞ்சிப் பக்கம். அவருக்குத் திருபுவனை கம்பெனியில் வேலை கிடைத்ததும் வந்தவர்கள். அவர் ஷிப்டுக்குப் போவார், நான் வீட்டிலேயே பிளவுஸ் தைப்பேன். திடீரென்று ஒரு நாள் வில்லியனூர் ஓனர், பையனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும், இரண்டு மாதத்தில் காலி செய்யுங்கள் என்றார். எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

வீடு கிடைக்காதோ என்பது மட்டும் இல்லை பயம். பாண்டியில் தொடர்ந்து ஐந்து வருடம் குடியிருந்தால்தான் குடியிருப்புச் சான்று தருவார்கள். அந்தச் சான்று இருந்தால்தான் பெண்ணுக்குப் பாண்டிக் கோட்டாவில் காலேஜ் சீட்டு. நான்கு வருடம் முடிந்துவிட்டது. இன்னும் ஒரு வருடம். பெண் பன்னிரண்டாவது முடிக்கும்போது ஐந்து வருடம் சரியாக நிரம்பும். நடுவில் ஒரு மாதம் வெளியே போய்விட்டாலும் முதலிலிருந்து எண்ண வேண்டும். நான் எட்டாவதோடு நின்றவள். அவள் அப்படி நிற்கக் கூடாது. நான் கேட்டது அது ஒன்றுதான்.

வில்லியனூரில் எட்டாயிரத்துக்குக் குறைந்து வீடு இல்லை. புரோக்கர்களைப் பிடித்தோம். முதல் புரோக்கர், ரயில்வே கேட் பக்கம் டீக்கடையிலேயே குடியிருப்பவர். வீடு காட்டக் கிளம்பும்போதெல்லாம், "பெட்ரோலுக்கு ஒரு எரநூறு குடும்மா" என்பார். மூன்று வீட்டுக்கு அறுநூறு ரூபாய் போயிற்று. மூன்றாவது வீட்டில் கக்கூசுக்குக் கதவே இல்லை. "மாட்டிக்கினா போச்சி, வாடகையில கழிச்சிக்கலாம்" என்றார். யாருடைய வாடகையில் என்று நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். இரண்டாவது ஆளை நேரில் பார்த்ததே இல்லை, போனிலேயே வீடு விற்பவர். அவர் அனுப்பிய போட்டோவில் இருந்த வீட்டில் ஆறு மாதமாக வேறு ஒரு குடும்பம் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

மூன்றாவதாக வந்தவன்தான் இவன். வில்லியனூரில் சின்னதாக ஒரு ஆபீஸ், வெள்ளைச் சட்டை, பேச்சுக்குப் பேச்சு அக்கா. மடுகரையில் ஒரு வீடு இருக்கிறது, வாடகை ஐயாயிரத்து ஐந்நூறு என்றான். கிளம்பும்போது என் வீட்டுக்காரர் இருநூறு ரூபாயை நீட்டினார்.

"சீச்சீ, வெச்சிக்கோண்ணா. அக்கா வூட்டுக்கு வூடு பாக்கறதுக்குப் பெட்ரோல் காசு வாங்குவனா நானு?"

அந்த ஒரு சொல்லில் விழுந்தேன். இருநூறு ரூபாய் வாங்காதவன் நல்லவன் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். இப்போது நினைத்தாலும் எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

நான் சும்மா நம்பிவிடுகிற ஆள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெண்ணின் பழைய நோட்டில் இருபத்து மூன்று கேள்வி எழுதி வைத்திருந்தேன். போர்த் தண்ணீர் உப்பா, மழைக்குச் சுவர் ஓதம் ஏறுமா, பாம்பு வருமா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, பக்கத்தில் குடிக்கிற ஆள் உண்டா, மோட்டார் ரிப்பேர் ஆனால் யார் பார்ப்பது. பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்த வாசலில் நின்று வரிசையாகக் கேட்டேன். புரோக்கரின் மச்சான் சிரித்தார். "இன்னாக்கா, கலெக்டர் பரீட்சை வைக்கறீங்க" என்றார். முதல் கேள்வியே, "இது பாண்டிதானே?" என்பதுதான். பெண்ணின் சான்று விஷயத்தையும் விளக்கமாகச் சொன்னேன்.

"மடுகரை பாண்டி இல்லாம வேற எதுக்கா? பக்காவா பாண்டி" என்றான் அவன்.

எதிரே கிரைண்டர் கழுவிய அம்மா அப்போது நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். இவன் முந்திக்கொண்டு, "இன்னாக்கா, மாவு வேவாரம்லாம் எப்டி போவுது? நாளைக்கு எனக்கு ரெண்டு பாக்கெட்டு எடுத்து வையி" என்று சத்தமாகக் கேட்டான். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த வாய் திறந்தது என் கண்ணில் பட்டது. ஆனால் புத்தியில் ஏறவில்லை.

கரண்டு பில்லைக் காட்டச் சொல்வது என் நோட்டில் இல்லை. இருபத்து மூன்று கேள்வியில் அது இல்லை.

பணம் கொடுத்து மூன்று நாள் கழித்து, தையல் மெஷின் மேசை அந்த வாசல்படியில் நுழையுமா என்று புதுக்கவலை வந்தது. டேப்பை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனேன். நிலைப்படியை அளந்துகொண்டிருந்தபோது அந்த மாவு அம்மா சாக்கடைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"ஏம்மா, உம் பொண்ணுக்கு ஏதோ பாண்டி சர்டிபிகேட்டு வேணும்னியே அன்னிக்கு?"

"ஆமாக்கா."

"அப்ப இந்த வூட்ட ஏன் புடிச்ச? நான் நிக்கறது பாண்டி. நீ நிக்கறது தமிழ்நாடு. மேல மீட்டர் பொட்டியப் பாரு."

அண்ணாந்து பார்த்தேன். மீட்டரின் பக்கத்தில் செருகியிருந்த அட்டையில் விழுப்புரம் மாவட்டம் என்று அச்சடித்திருந்தது. நடுவில் ஓடுவது இரண்டு முழச் சாக்கடை. கையில் டேப் இருந்தது, அளந்தே பார்த்திருக்கலாம். ஊரோடு பிறந்தவர்களுக்கு எந்தச் சுவர் எந்த அரசாங்கம் என்று தூக்கத்தில்கூடத் தெரியும். ஒரே பேச்சு, ஒரே கோயில், ஒரே கடை. எங்களை மாதிரி வந்தேறிகளுக்குத்தான் தெரியாது. அதை வைத்துத்தான் அவன் பிழைக்கிறான்.

அங்கேயே நின்று புரோக்கருக்குப் போன் போட்டேன்.

"ஏம்பா, இது தமிழ்நாடாமே?"

"அக்கா, இன்னாக்கா நீங்க, ஒரு தாண்டு தாண்டுனா பாண்டி."

"நான் தாண்டறதுக்கா நாப்பதாயிரம் குடுத்தேன்? பொண்ணு விஷயத்த உன்கிட்ட சொன்னேனா இல்லியா?"

"அட, இதுக்குப் போயி. எதிர் வூட்டு கரண்டு பில்லுல ஒரு காபி வாங்கித் தரன். அத வெச்சி ஆதார் அட்ரச மாத்திக்கோங்க. இங்க பாதிப் பேரு அப்டித்தான்க்கா."

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அவன் சொல்றாப்பல செஞ்சிடலாமா? இன்னும் பத்து நாள்ல காலி பண்ணணும்" என்றார். கம்பெனியில் பன்னிரண்டு மணி நேரம் நின்று வந்த மனிதர். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குப் பயம் வந்துவிட்டது. நாளைக்கு விசாரணைக்கு ஓர் ஆள் வந்து, எந்த வீட்டில் இருக்கிறீர்கள் என்று கேட்டால்? சீட்டுக் கிடைத்து, ஃபீஸ் கட்டி, இரண்டாம் வருஷத்தில் பொய்ச் சான்று என்று வெளியே அனுப்பினால்? நான் பயந்தாங்கொள்ளி என்று எல்லாரும் கேலி செய்வார்கள். அன்றைக்கு அந்தப் பயம்தான் எங்களைக் காப்பாற்றியது.

பெண் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "எதிர் வூட்டு பில்லு எதுக்குப்பா? எதிர் வூட்டுக்கே போவலாமில்ல?"

மறுநாள் மாவு அம்மாவிடம் போய் நின்றேன். அவர் தெருவிலேயே நான்கு வீடு தள்ளி இரண்டு அறை வீடு ஒன்று காலியாக இருந்தது. சொந்தக்காரர் கரும்பு விவசாயி, வாடகைக்கு என்று போர்டு மாட்டாதவர். மாவு அம்மா என்னிடம் முதலில் கொண்டுவந்து காட்டியது வீட்டை அல்ல. கரண்டு பில்லையும், பாண்டி அரசாங்கத்துக் கொம்யூன் பஞ்சாயத்தில் வீட்டு வரி கட்டிய ரசீதையும்.

"பாத்துக்கினியா? இப்ப வூட்டப் பாரு. புடிச்சிருந்தா எனக்கு ரெண்டாயிரம் குடு. சும்மா அலையறதுக்கு நான் இன்னா வேண்டுதலா வெச்சிருக்கன்?"

"ஏன்க்கா அன்னிக்கே சொல்லல?" என்று கேட்டேன். என் குரல் ஏறிவிட்டது.

"அவன் என்கிட்ட கடன்ல மாவு வாங்கறவன். வாயத் தொறந்தா அந்தக் காசும் போயிடும்னு பாத்தன். தப்புதான். அதான் அப்புறமா சொன்னன்ல?"

கோபம் வந்தது. ஆனால் அந்தக் கோபத்தில் ஒரு மரியாதையும் இருந்தது. இரண்டாயிரத்தை எண்ணிக் கொடுத்தேன். கேட்ட காசு, செய்த வேலை, கையில் காகிதம். புரோக்கர் என்றால் இதுதான். வெள்ளைச் சட்டையும் பேச்சுக்குப் பேச்சு அக்காவும் இல்லை.

வீட்டைப் பிடித்துவிட்டோம். ஆனால் பணம் அந்தப் பக்கத்தில் கிடந்தது. மீட்டர் அட்டை வீட்டின் ஓனர் விழுப்புரத்தில் இருந்தார். மச்சானிடம் சண்டை போட்டு அவர் நம்பரை வாங்கிப் பேசினேன். நல்ல மனிதர்.

"நான் பாண்டின்னு ஒரு நாளும் சொன்னதில்லம்மா. என் கைக்கு வந்தது முப்பதாயிரம். அத முழுசா அனுப்பிடறன்" என்றார். அன்றைக்கே அனுப்பினார்.

முப்பதா? நான் கொடுத்தது நாற்பது. தட்டில் வைத்துக் கொடுத்தது நாற்பது.

நேராக அவன் ஆபீசுக்குப் போனேன். அந்நேரம் ஒரு புருஷன் பெண்டாட்டி, கைக்குழந்தையோடு, வீடு கேட்டு உட்கார்ந்திருந்தார்கள். "வாங்கக்கா, டீ சொல்லட்டுமா?" என்றான். அப்போதுதான் ஓனர் கையில் கொடுத்தீர்களே என்ற கதையையும் எடுத்துவிட்டான். பணம் கொடுத்த அன்று ராத்திரியே யார் யார் இருந்தார்கள் என்று எழுதி வைத்திருந்த நோட்டைப் பிரித்தேன். நிறுத்தி நிறுத்தித்தான் படிப்பேன், ஆனால் அன்று சத்தமாகப் படித்தேன். அன்றைக்கு வாசலில் இருந்தவர்கள் ஆறு பேர். நான், என் வீட்டுக்காரர், என் பெண், நீ, உன் மச்சான், மாவு அம்மா. இதில் ஓனர் யார், விரலை நீட்டிக் காட்டு.

"அக்கா, கஸ்டமர் முன்னாடி இன்னாக்கா இது..."

"நானும் கஸ்டமர்தான்டா!"

டா போட்டுவிட்டேன். அதுவரை எந்த ஆணையும் வெளியிடத்தில் அப்படிப் பேசியதில்லை. பக்கத்தில் இருந்த அந்தப் பெண்ணிடம், "வூடு புடிக்கறதுக்கு முன்னாடி கரண்டு பில்லக் காட்டச் சொல்லும்மா" என்றேன். அவள் புருஷனைப் பார்த்தாள். புருஷன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான்.

அவர்கள் வாசலைத் தாண்டுவதற்குள் இவன் மேசை டிராயரைத் திறந்து மூவாயிரத்தை எடுத்து என் முன்னால் எறியாத குறையாக வைத்தான். "மீதி ஒண்ணாந்தேதி" என்றான். அது எந்த மாதத்து ஒண்ணாந்தேதி என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஐந்து ஒண்ணாந்தேதி போய்விட்டது. போன் எடுப்பதில்லை. ஆபீசுக்குப் போனால் பூட்டு.

நாங்கள் சாக்கடைக்கு இந்தப் பக்கம், பாண்டிப் பக்கம் இருக்கிறோம். வாடகை ஒப்பந்தத்திலும் கரண்டு பில்லிலும் ஒவ்வொரு காபி பெண்ணின் பள்ளிக்கூடப் பையிலேயே இருக்கிறது. அவளுக்கு அது பாரம்தான், இருந்தாலும் எடுக்க விடமாட்டேன். ஐந்து வருடம் நிரம்ப இன்னும் ஏழு மாதம். நடுவில் அந்தத் தொடர்ச்சி உடையவில்லை.

ஆனால் அவனை நான் விடப் போவதில்லை. நாற்பதில் அமுக்கிய பத்தாயிரம், பொய்க்கு வாங்கிய கமிஷன் ஐயாயிரத்து ஐந்நூறு, அதில் மூவாயிரம் வந்தது. அவன் தர வேண்டிய பாக்கி பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.