டேப்பிடம் சொன்ன சேதி

முன்பெல்லாம் எங்கள் சுரங்க டவுன்ஷிப்பில் போனை எடுத்தாலே ஆபரேட்டர்களான நாங்கள்தான் பேசுவோம். எண்பதுகளின் பிற்பகுதியில் ஆட்களைக் குறைத்து டேப்பைப் பேசவிட்டார்கள். "வணக்கம். மருத்துவமனைக்கு ஒன்று, சுரங்கத்துக்கு இரண்டு சுற்றுங்கள்." குரல் என்னுடையது. வயசானவர்களுக்குப் புரியட்டும் என்று நிறுத்தி நிதானமாகப் பேசியிருந்தேன்.

புரிந்தால் போதுமா? எங்கள் பெரியவர்கள் நம்பர் கேட்டுப் பழகியவர்களே இல்லை. "பையன் செகண்ட் ஷிப்டும்மா, வர்றப்ப மாத்திரை வாங்கியாரச் சொல்லிடு" என்று எங்களிடம் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். நாங்கள் சுரங்கத்தைக் கூப்பிட்டுச் சேதி சொல்வோம். அதனால், "நம்பர் சுத்தலைன்னா கடைசியில ஒரு ஆள் எடுக்கட்டும் சார்" என்று மெட்ராஸிலிருந்து வந்த இன்ஜினியரிடம் மல்லுக்கு நின்றேன்.

"அப்புறம் மெஷின் எதுக்கும்மா?" என்றார். பெரிய கேள்வி கேட்டுவிட்டாராம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் சொன்னதுதான் நடந்தது.

எங்கள் பிளாக்கில் ஒரு பெரியவர் நெடுநாளாகப் படுக்கையில் கிடந்தார். ஒரு மத்தியானம் மூச்சு இழுக்க ஆரம்பித்து, மகனைப் பார்க்கவேண்டும் என்றிருக்கிறார். மகன் சுரங்கத்தில் ஷிப்டில் இருந்தான். வீட்டில் வேறு யாருமில்லை. மதுரைப் பக்கத்து மனுஷியான அவர் மனைவி போனை எடுத்து, டேப் பேசி முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்து, விவரம் அத்தனையும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மகன் ஷிப்ட் முடிந்து வந்தபோது அப்பா போய்ச் சேர்ந்திருந்தார்.

துக்கம் கேட்கப் போனேன். அந்த அம்மா மகன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"சேதி சொல்லியும் வரலையே, பாவிப்பய. வேலைதான் பெருசாப் போச்சு அவனுக்கு."

"எனக்கு யாரும் சொல்லலைம்மா" என்று சொல்லிச் சொல்லி மகனுக்குத் தொண்டையே கட்டிவிட்டது. அந்த அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அம்மா, போன்ல கேட்டது டேப்புங்க. முன்னாடியே நான் பேசி வச்சது. நீங்க சொன்னதை யாருமே கேக்கலைங்க."

அவர் சட்டென்று நிமிர்ந்தார். குரல் பிடிபட்டுவிட்டது. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"நீதானா தாயி அது? வணக்கமெல்லாம் சொன்னியே. அவனைக் காப்பாத்த உன் தலையில பழியைப் போட்டுக்கிறியா? வேணாம் தாயி. நீ நல்ல பிள்ளை."

மகன் எழுந்து வெளியே போய்விட்டான். காரியம் முடிந்த மறுநாள், அவனிடம் ஒரு வார்த்தை பேசாமல் அந்த அம்மா ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார்.