நான் நம்பாத இளமைத் தைலம்

முடி வெட்டுகிறவனிடம் மட்டும் யாரும் வயதை மறைக்க முடியாது; துண்டை உதறினால் எல்லாம் கீழே கிடக்கும். ஜப்பான்காரன் காலத்தில் ரந்தாவ் ஊரைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் கூலிகள் குடியிருந்த லயம் லயமாகப் போய் முடி வெட்டியவன் நான். கத்தரிக்கோலோடு தைலப் புட்டிகளையும் சுமந்த பாவி. எதையாவது வாங்கிப் பூசிவிட்டு, கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஏமாந்தவர்களே, நீங்களும் நானும் ஒரே சாதி. அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

முத்தும் குங்குமப்பூவும்

தைலம் ரந்தாவ் மளிகைக் கடைக்காரருடையது. கப்பலில் வந்துகொண்டிருந்த சரக்கு சண்டையில் நின்றுபோனதும் அவரே காய்ச்ச ஆரம்பித்துவிட்டார். புட்டியில் ஒட்டிய தாளில் முத்துப் பஸ்பம், காஷ்மீரத்துக் குங்குமப்பூ, பாதாம் என்று வரிசையாகப் போட்டிருக்கும். நரை போகும், வாலிபம் திரும்பும் என்று வேறு சத்தியம். ஒருநாள் கடைக்குப் பின்கட்டில் எட்டிப் பார்த்தேன். சட்டியில் செம்பனை எண்ணெய் கொதிக்கிறது. பக்கத்தில் அரைத்த சிரட்டைக் கரி. வாசனைக்குக் கொஞ்சம் பாண்டான் இலை. அவ்வளவுதான் மகா மருந்து!

"முத்து எங்கே முதலாளி?" என்று கேட்டேன். அவர் கிண்டுவதை நிறுத்தவேயில்லை.

"ஊரே மரவள்ளிக்கிழங்கு தின்னுகிட்டுக் கெடக்கு, ஒனக்கு முத்து கேக்குதா? தோட்டத்துக்குக் கொண்டு போ லா!"

கங்காணியின் நெற்றி

முதலில் வாங்கியவர் ஒரு தோட்டத்தில் கூலிகளை மேய்க்கும் கங்காணி. இரண்டாந்தாரம் கட்டிய புதிது. வேண்டாங்கய்யா, இது நிற்காது என்று சொல்லிப் பார்த்தேன். கங்காணிக்குப் புத்தி சொல்ல நான் யார்? பூசிக்கொண்டு மீசையை முறுக்கியபடி போனார்.

மறுநாள் விடியற்காலை பெரட்டு, ஆள் கணக்கெடுப்பு. ஆள் எல்லாம் வரிசையில் நிற்க, ஜப்பான் அதிகாரி வந்தான். வந்தால் இடுப்பை வளைத்துக் குனிய வேண்டும், இல்லாவிட்டால் அறைதான். அந்த நேரம் பார்த்துத் தூறல் பிடித்தது. குனிந்த கங்காணி நிமிரும்போது நெற்றியிலிருந்து மூக்கு வரை கறுப்பாக ஓடியிருந்தது. அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தானாம். அறை விழாமல் போனதற்குத் தைலத்தைக் கும்பிடாமல், கங்காணி நேராக என்னிடம் வந்து கத்தினார்.

"மழையே பேயாத ஊருக்குச் செஞ்ச மருந்தாடா இது?"

சந்தை தலைகீழாக

பிறகு சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். ஆள் ஏற்றும் லோரி தோட்டத்துக்குள் நுழைந்தால் திடமான ஆம்பிளை ஒருத்தன் மிஞ்சமாட்டான். போனவர்களைப் பற்றித் தகவலே கிடையாது. அப்புறம் யாருக்கு ஐயா வேண்டும் இளமை? முன் மண்டையை வழித்துவிடு, மீசையில் சாம்பலைத் தேய்த்துவிடு என்று என்னிடம் கெஞ்சினார்கள். நானும் அலுக்காமல் கிழவர்களைச் செய்துகொண்டிருந்தேன். புருஷனை இழுத்து வந்து உட்கார வைத்த ஒரு ரப்பர் பால்வெட்டுக்காரி, என் பெட்டியிலிருந்த புட்டியை முறைத்துப் பார்த்தாள்.

"வயசக் கொறைக்கிற மருந்த மட்டும் கொண்டாந்திருக்கீங்களே, கூட்டுற மருந்து ஒண்ணு கொண்டாரக் கூடாதாண்ணே?"

மாரிமுத்து அண்ணன்

அந்த நேரத்திலும் இளமை கேட்டவர் ஒருவர் உண்டு. மாரிமுத்து அண்ணனுக்குத் தலை முழுக்கப் பஞ்சு. மனைவி அஞ்சலை அக்காவுக்குக் கால் வீங்கி வேலைக்குப் போக முடியாது. தோட்டத்தில் இவருக்கு அளக்கும் அரிசியில்தான் இரண்டு வயிறும். வேலைக்கு ஆகாத கிழடுகளுக்கு இனிமேல் அரிசி கிடையாது என்று தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி சொல்லிவிட்டார். அதனால்தான் என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"லோரிக்காரன் பாத்துட்டான்னா?" என்றாள் அக்கா.

"எலும்பும் தோலுமா இருக்கேன், என்னை எவன் கேப்பான்?" என்றார் அவர்.

எனக்கு எரிச்சலாக வந்தது. "அண்ணே, இது வெறும் கரி. எந்தக் கிராணியும் ஏமாறமாட்டார், எந்த லோரிக்காரனும் ஏமாறமாட்டான். இது வேலையே செய்யாது" என்றேன். அக்கா முகம் கொஞ்சம் தெளிந்தது. அவரோ பிடிவாதமாகப் புட்டியை வாங்கிக்கொண்டு போனார்.

அந்த வாரம் பார்த்து ஒரு துளி மழை இல்லை. கிராணி அரிசியை நிறுத்தவில்லை. பிறகு லோரி வந்தது. பெரட்டில் நரைத்த தலைகளை ஒதுக்கித் தள்ளிவிட்டு, கறுத்த தலைகளை ஏற்றினார்கள். மாரிமுத்து அண்ணன் தலையைத் தேய்த்துத் தேய்த்து, கரி படிந்த உள்ளங்கையை விரித்துக் காட்டினாராம். எவன் பார்த்தான்? துப்பாக்கிக் கட்டையால் முதுகில் ஒரு குத்து. அவரும் ஏறிவிட்டார். சயாமுக்குப் போனவர் திரும்பி வரவேயில்லை.

அடுத்த முறை நான் போனபோது அஞ்சலை அக்கா லயத்து வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வசைபாடுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மிச்சத் தைலத்தை என் கையில் கொடுத்துவிட்டு, சின்னக் குரலில் கேட்டாள்.

"வேலை செய்யாதுன்னு நீதானே தம்பி சொன்னே?"

நான் சுமந்து திரிந்த அத்தனை புட்டிகளிலும், தாளில் போட்டிருந்தபடியே வேலை செய்தது அந்த ஒன்றுதான்.