பாய்லர் வாய்

என் மகள் அந்தக் கப்பை முதன்முதலாக வாங்கி வந்த அன்று, பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னப் பாத்திரத்தை வைத்து அதைத் தண்ணீரில் கொதிக்கவிட்டாள். மாதாமாதம் வாங்கித் தூக்கியெறிகிற நாப்கினுக்குப் பதிலாக உள்ளே வைத்துக்கொண்டு, கழுவி, மறுபடி வைத்துக்கொள்ளும் கிண்ணமாம். "அடுப்புல வைக்காதடி!" என்று கத்திவிட்டேன். அவள் பயந்துபோனாள். பாவம், அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. அடியில் எரிகிற நெருப்பைப் பார்த்தேன், அண்ணி ஞாபகம் வந்தது. அவ்வளவுதான்.

எழுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டியில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் பாக்கிங்கில் இருந்தேன். எஸ்.எஸ்.எல்.சி. பாஸான பெண் என்ற திமிர் உச்சந்தலை வரை ஏறியிருந்த காலம். அம்மா, அண்ணன், நான் மூவரும் எட்டுக் குடித்தனமுள்ள லைன் வீட்டில் இருந்தோம். எல்லாருக்கும் ஒரே குழாய். பழவேற்காட்டுப் பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து அண்ணி கல்யாணமாகி வந்தாள். ஏரிக்கரையில் யார் கண்ணிலும் படாமல் தீட்டுத்துணியைத் துவைத்து உலர்த்திப் பழகியவள். எட்டு வீட்டு ஆண்களும் பல் தேய்க்கிற இடத்தில் எப்படித் துவைப்பாள்? ஈரத்துணியைப் பாய்க்கு அடியில் ஒளித்துவைத்து, மறுநாள் அதையே கட்டிக்கொண்டு, தொடையெல்லாம் புண்ணாகிக் கிடந்தாள்.

நான்தான் பாரிமுனைக்குப் போய் பாக்கெட் வாங்கி வந்தேன். இடுப்பில் பெல்ட் கட்டி மாட்டிக்கொள்கிற பஞ்சுப் பட்டை. மருந்துக்கடையில் அதைக் கேட்பதற்கே அப்போது தனித் தைரியம் வேண்டும். எனக்கு அது வேண்டிய மட்டும் இருந்தது. அண்ணிக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் ஒரே ஒரு கவலை.

"இத்த எங்கமே போடறது? பாம்பு தாண்டுனா புள்ள தங்காது. கொளுத்துனா வவுறே கருகிப்பூடும்."

"என்கிட்ட குடு அண்ணி. கம்பெனிக்குப் பின்னால சவுக்குத் தோப்பு கீது. ஆழமா பொதைச்சிட்டு வரேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

முதல் மாதம் புதைத்தேன். குச்சியால் தோண்டித் தோண்டிக் கை காந்தியது. சங்கு ஊதிய பிறகு ஓடிப்போய் சூப்பர்வைசரிடம் ஏச்சு வாங்கினேன். இரண்டாம் மாதம் பாய்லர் பக்கமாக வந்தேன். விறகு போடுகிற கதவு திறந்திருந்தது. பாய்லர்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தை உள்ளே வீசினேன், என்னுடையதையும் சேர்த்துத்தான். பாம்பாவது வயிறாவது என்று சிரிப்புகூட வந்தது. அதன் பிறகு மாதாமாதம் அங்கேதான்.

"பொதைச்சியாமே?" என்று அண்ணி கேட்பாள்.

"பொதைச்சேன்."

மூன்று வருஷமாகியும் அண்ணி உண்டாகவில்லை. அம்மா முதலில் கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டாள். பிறகு ஜாடை பேசினாள். ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் நேராகவே கேட்டுவிட்டாள்.

"எங்கனா கொளுத்தித் தொலைச்சியாடி?"

"இல்ல அத்தே. ஒங்க பொண்ணுதான் எட்த்துனு போயி பொதைக்குது. அதையே கேளுங்கோ."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான்தான் கொளுத்தினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மாவின் கோபம் மொத்தமும் என் மேல் திரும்பியிருக்கும். அண்ணி தப்பித்திருப்பாள். ஆனால் எனக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பொதைச்சேம்மா," என்று சொல்லிவிட்டுச் சோற்றை வாயில் வைத்தேன்.

"அப்ப கொறை இவகிட்டதான்," என்றாள் அம்மா.

அண்ணியைத் தாய் வீட்டுக்கே அனுப்பிவிடுவது என்று அண்ணன் முடிவு செய்தான். கிளம்புகிற காலையில் அவள் பெட்டியைத் திறந்து, மடித்த துணிகளை எடுத்து என் மடியில் வைத்தாள். தன் பழைய பருத்திப் புடவையைக் கிழித்து ஓரம் தைத்திருந்தாள். ஒரு கறைகூட இல்லை.

"இனிமே பாக்கெட் வாணாமே. நீயே தொவை, நீயே காய வை. யார் கைலயும் குடுக்காத. யாரு இன்னா பண்ணுவாங்கோன்னு நமக்குத் தெரியாது."

கோபமாகச் சொல்லவில்லை. என் தலையைக்கூடத் தடவினாள். தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா என்று இன்று வரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அதோடு பாக்கெட்டை விட்டேன். அந்தத் துணிகளையே துவைத்துத் துவைத்துக் கட்டினேன். எட்டு வீட்டு ஆண்களும் பார்த்தால் பார்க்கட்டும் என்று வாசலிலேயே காயப்போட்டேன். தண்டனை என்றுதான் நினைத்துக்கொண்டேன். குழாயடியில் பிழியும்போது முதுகுக்குப் பின்னால் "பொதைச்சியாமே?" என்று குரல் கேட்கும். திரும்பினால் யாரும் இருக்கமாட்டார்கள்.

கல்யாணமான மறு வருஷமே எனக்கு ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தாள். என்னுடையதும் அதே நெருப்பில்தான் வெந்தது, என் வயிறு கருகவில்லை. நான் கொளுத்தியது ஒருவேளை அண்ணிக்குத் தெரிந்திருந்தால், இதைச் சொல்லி அவள் மனதை ஆற்றக்கூடியவள் உலகத்தில் நான் ஒருத்திதான். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு பழவேற்காடு பஸ் ஏறினேன்.

வலை பிரித்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு குழந்தையை வாங்கினாள். அதன் உச்சியை முகர்ந்தாள்.

"நஞ்சுக்கொடிய ஆழமா பொதைச்சியாமே?"

ஆஸ்பத்திரியில் அதை என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

"பொதைச்சேன் அண்ணி," என்றேன்.