மூதூர் லோஞ்சில் ஒரு சூட்டுக் கப்

டீசல் புகையும் நோன்புக் கஞ்சியின் ரம்பை இலை வாசமும் கலந்தால் ஒரு மணம் வரும். அதை இன்னும் மூக்கில் வைத்திருப்பவர்கள், பாலங்கள் வருவதற்கு முந்திய ரமழான் மாதங்களில், மூதூரிலிருந்து திருகோணமலைக்கு மாலை ஐந்து மணிக்குப் புறப்படும் கடைசி 'லோஞ்ச்' என்ற மோட்டார்ப் படகில் வந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். என் உம்மா அதில் வருடக்கணக்காக வந்து போனவர். எங்கள் வீடு திருகோணமலை நகரில், துறைமுகத்துக்குக் கிட்ட. உம்மாவுக்கு வேலையோ குடாவுக்கு அந்தப் பக்கம், மூதூரில், ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் பகுதியில். அவர் தாதி இல்லை; ஆனாலும் லோஞ்சில் எல்லோரும் அவரை 'மிஸி' என்றுதான் கூப்பிடுவார்கள், அவரும் திருத்திப் பார்த்துக் களைத்து விட்டுவிட்டார்.

உம்மா பொறுமைசாலி. லோஞ்சின் பலகை ஆசனம் முதுகை முறிப்பதையும், காற்று மாறினால் கடல்தண்ணீர் சேலையில் அடிப்பதையும் பற்றி ஒரு நாளும் முறைப்பட்டதில்லை. அவரால் தாங்க முடியாத விஷயம் ஒன்றே ஒன்றுதான், ஆறிய கஞ்சி. பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு மூதூர்ப் பள்ளிவாசலில் கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி கொடுப்பார்கள். அதை ஒரு ஜாம் போத்தலில் வாங்கி, துவாயால் சுற்றி, கைக்குழந்தையைப் போல் மடியில் வைத்துக்கொண்டு வருவார். நடுக்கடலில் சூரியன் இறங்கி நோன்பு திறக்கும் நேரம் வரும்போது, இறைச்சிக் கொழுப்பு மேலே வெள்ளையாக உறைந்துபோய்க் கிடக்கும். "நோன்பு திறக்கிற கஞ்சி தொண்டையால இறங்கிறது தெரியவேணும்" என்பது உம்மாவின் கொள்கை. இறங்குவது தெரியாத கஞ்சியைக் குடித்துவிட்டு அவர் வீட்டுக்கு வரும் நாட்களில் நானும் வாப்பாவும் குசினிப் பக்கமே போகமாட்டோம். லோஞ்சில் ஆறிய கஞ்சி எங்கள் வீட்டுக்கு நல்ல சூடாகத்தான் வந்து சேரும்.

நான் முதன்முதலாக முழு நோன்பும் பிடிக்கத் தொடங்கிய வருடம் அது. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ரமழான் விடுமுறை. வீட்டில் தனியாக விட ஏலாது என்று உம்மா என்னையும் காலையில் கூட்டிக்கொண்டு போய் மூதூரில் உம்மாவின் தங்கை, என் சாச்சி வீட்டில் விட்டுவிட்டு, மாலையில் லோஞ்சில் கூட்டிக்கொண்டு வருவார். அதனால் அந்த மாதக் கூத்து முழுவதற்கும் நான் நேர்ச் சாட்சி.

அந்த வருடம் நோன்பு தொடங்கிய கையோடு உம்மா ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். தங்கம் வேண்டாம், பெருநாளைக்குச் சேலை வேண்டாம், இந்த மாதத்தில் ஒரே ஒரு நாளாவது சுடச்சுடக் கஞ்சி குடித்து நோன்பு திறக்க வேண்டும். சொன்னது வாப்பாவிடம். அங்கேதான் பிழை விட்டார்.

வாப்பா துறைமுகப் பட்டறையில் 'ஃபிட்டர்'. கப்பல் இயந்திரங்களின் குழாய்களையும் வால்வுகளையும் கழற்றிப் பூட்டுவது தொழில். ஒரு பொருள் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதே அவருக்கு அதைக் கழற்றிப் பார்ப்பதற்குப் போதுமான காரணம். எங்கள் வீட்டில் அவர் கைபடாத சாமான் என்றால் அது நேற்று வாங்கியதாக இருக்கும். உம்மாவுக்கென்று முன்பொருமுறை வாங்கிய பூப்போட்ட 'பிளாஸ்க்' லோஞ்சின் குலுக்கலில் உள்ளுக்குள் உடைந்து, ஆட்டினால் கலகலவென்று வளையல் கடை போலச் சத்தம் போட்டது. அதனால் இந்த முறை கண்ணாடியே இல்லாத இரும்புதான் என்று முடிவெடுத்து, என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார்.

பிரயாணத்தில் கொண்டுபோகும் இரட்டைச் சுவர் எவர்சில்வர் கப் அப்போதுதான் எங்கள் ஊருக்கு வந்திருந்தது. எங்கள் வீட்டில் அதற்குச் 'சூட்டுக் கப்' என்று பெயர் வைத்தோம். கடை முதலாளி கண்ணாடி அலுமாரியைத் திறந்து நாலைந்து வகை எடுத்துப் பரப்பினார். நான் பிடி வைத்த நீல நிறக் கப்பைத் தொட்டேன். வாப்பா நிறத்தைப் பார்க்கும் ஆள் இல்லை. நோன்பு திறந்ததும் தேத்தண்ணி போட முதலாளி வைத்திருந்த வெந்நீரைக் கேட்டு வாங்கி, எல்லாக் கப்பிலும் ஊற்றி மூடி, ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். என் கன்னத்திலும் வைத்தார். வெளிப்புறம் சுட்டால் உள்ளே இருக்கும் சூடு வெளியே ஓடுகிறது, அது கூடாது என்றார். பிறகு ஒழுகுகிறதா என்று ஒவ்வொன்றையும் தலைகீழாகப் பிடித்து ஆட்டினார். ஒன்று ஒழுகியது, முதலாளியின் வெள்ளைச் சாரத்தின் மேல். அந்த மனிதர் நோன்பாளி, ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைசியில் தேறிய கப்பின் மூடியில் உறிஞ்சிக் குடிக்க ஒரு சின்ன ஓட்டையும் அதை மூட ஒரு தள்ளு கட்டையும் இருந்தன. நிறமும் நீலம்தான், எனக்கு அதில் பரம சந்தோஷம். இது கோப்பி குடிக்கச் செய்தது, கஞ்சிக்குச் சரிவராது, வாய் அகலமானதைப் பாருங்கள் என்று முதலாளி நியாயமாகவே சொன்னார்.

"சூடு சூடுதானே முதலாளி, கோப்பியெண்டா என்ன, கஞ்சியெண்டா என்ன" என்றார் வாப்பா.

முதல் நாளே வித்தியாசம் தெரிந்துவிட்டது. நோன்பு திறக்கும் நேரம் உம்மா ஆசையோடு ஓட்டையில் வாய் வைத்து உறிஞ்சினார். ஒன்றும் வரவில்லை. ஒரு துண்டு இறைச்சி உள்ளே வந்து ஓட்டையை அடைத்துக்கொண்டு நின்றது. கன்னம் குழிய உறிஞ்சிப் பார்த்துவிட்டு, கப்பைத் தட்டி, மறுபடியும் உறிஞ்சினார். இறைச்சி திடீரென்று வழி விட, கொதிக்கும் கஞ்சி நேரே தொண்டைக்குப் போனது. இறங்குவது நன்றாகத் தெரிந்தது. வீடு வந்து சேரும்வரை உம்மாவால் பேச முடியவில்லை, பேச வந்ததும் பேசியதை இங்கே எழுத முடியாது.

வாப்பா அதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை, தொழில்நுட்பத் தகவலாக எடுத்துக்கொண்டார். அடுத்த நாள் கப்பைப் பட்டறைக்குக் கொண்டுபோய் 'ட்றில்' போட்டு ஓட்டையைப் பெருப்பித்து வந்தார். இறைச்சி தாராளமாக வந்தது, உம்மாவின் கைப்பைக்குள். சீப்பு, சில்லறை, ஆஸ்பத்திரிச் சாவிக்கொத்து எல்லாவற்றின் மேலும் கஞ்சி. பெருநாள் முடிந்த பிறகும் உம்மா மருந்து அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் சாவியிலிருந்து ரம்பை வாசம் வந்ததாகக் கேள்வி.

அதற்குப் பிறகு வாப்பா செய்ததுதான் உச்சம். பெருப்பித்த ஓட்டையில் ஒரு 'போல்ட்'டைப் போட்டு இறுக்கி அடைத்தார். மூடியின் விளிம்புக்குள் கப்பல் குழாய்களுக்குப் போடும் தடித்த றப்பர் 'வொஷர்' ஒன்றை வெட்டிப் பொருத்தினார். நீலக் கப் இப்போது ஏதோ எஞ்சினிலிருந்து கழன்று விழுந்த பாகம் மாதிரி இருந்தது. இனி இதைக் கடலில் போட்டாலும் ஒரு சொட்டு உள்ளே போகாது, ஒரு சொட்டு வெளியே வராது என்று வாப்பா உறுதி சொன்னார். அவர் சொன்னது முழு உண்மை.

அன்று பின்னேரம் உம்மா கொதிக்கும் கஞ்சியை அதற்குள் ஊற்றி, மூடியைத் திருகி, ஐந்து மணி லோஞ்சில் ஏறினார். குடா அமைதியாக இருந்தது. எங்களோடு வழக்கமாக வரும் ஹாஜியார் ஒருவர் இருந்தார், மூதூரில் அரிசி வியாபாரம். அவருடைய கைக்கடிகாரம்தான் லோஞ்சுக்குப் பள்ளிவாசல் பாங்கு. சூரியன் இறங்கி, அவர் கடிகாரத்தைப் பார்த்து "திறங்க" என்றதும் எல்லோர் வாய்க்குள்ளும் பேரீச்சம்பழம் போனது. உம்மா ஒரு பழத்தைத் தின்று ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, கப்பை எடுத்து மூடியைத் திருகினார். அசையவில்லை. முந்தானையைச் சுற்றிப் பிடித்துத் திருகினார். அசையவே இல்லை.

ஹாஜியார் வாங்கித் திருகினார். முகம் சிவந்து தொப்பி சரிந்ததுதான் மிச்சம். கப் ஆசனம் ஆசனமாகப் போய், கடைசியில் சுக்கானி அந்தோனி அண்ணனிடம் போய்ச் சேர்ந்தது. அவர் உப்புவெளிக்காரர், நங்கூரத்தை ஒற்றைக் கையால் தூக்குகிறவர். கப்பை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு, சுக்கானை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் மூடியைப் பிடித்துத் திருகினார். மூடி திரும்பவில்லை, லோஞ்ச் திரும்பியது. துறைமுகத்து விளக்குகள் பக்கவாட்டில் நகர்ந்து போய், முன்னால் வெறும் வங்காள விரிகுடா தெரிந்த பிறகுதான் பின்னாலிருந்த பெண்கள் கத்தினார்கள்.

லோஞ்சைத் திருப்பிப் பழைய வழிக்குக் கொண்டுவந்த பிறகும் அந்தோனி அண்ணன் விடுவதாக இல்லை. அவரிடம் இருந்த ஸ்பானர்கள் எல்லாம் லோஞ்சின் எஞ்சினுக்கானவை, என் முழங்கை நீளம். வாப்பாவின் சின்ன போல்ட்டை அவற்றால் தொடக்கூட முடியாது. சூடு காட்டினால் மூடி இளகும் என்று யாரோ சொல்ல, புகைபோக்கிக் குழாயில் கப்பைத் தலைகீழாக வைத்துப் பிடித்தார்கள். றப்பர் இளகி இன்னும் நன்றாக ஒட்டிக்கொண்டது. அதற்குள் லோஞ்சில் இரண்டு கட்சி பிறந்துவிட்டது. கப்பின் உடம்பு குளிர்ந்து கிடக்கிறது, ஆகவே கஞ்சி ஆறிவிட்டது என்றது ஒரு கட்சி. வெளியே குளிர் என்றால் உள்ளே சூடு பத்திரம் என்றது மற்றக் கட்சி. நான் வாப்பாவின் மகள், இரண்டாவது கட்சி. பசியில் காது அடைத்தாலும் கொள்கையை விடவில்லை.

அக்கம்பக்கத்தவர்கள் சும்மா இருக்கவில்லை. உம்மாவின் மடியில் பற்றிஸ், ரோல்ஸ், வத்தகப்பழத் துண்டு என்று குவிந்துகொண்டே வந்தது. நான் என் பங்குக்கும் மேலாகவே தின்றேன். உம்மா ஒன்றையும் தொடவில்லை.

"பசிக்குதெல்லா மிஸி, இதையெண்டாலும் தின்னுங்க" என்றார் ஹாஜியார்.

"எனக்கு இதுக்குள்ள இருக்கிறதுதான் வேணும்" என்றார் உம்மா, கப்பை மார்போடு அணைத்துக்கொண்டு. சிரிக்கலாம் போல இருந்தது, ஆனால் உம்மாவின் கண் கலங்கியிருந்தது. மாதம் முழுக்க எத்தனையோ பேருக்கு மருந்து அளந்து கொடுத்துவிட்டு வரும் மனுஷிக்கு, ஒரு கப் சூடான கஞ்சிக்கு இவ்வளவு பாடா என்று எனக்கே அப்போது வாப்பாவின் மேல் கோபம் வந்தது.

இறங்குதுறையில் வாப்பா சைக்கிளோடு நின்றார், முகத்தில் பெருமை. லோஞ்சிலிருந்து எல்லோரும் இறங்கினார்கள், ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. மஃரிப் தொழுகைக்கு நேரம் போகிறது என்று சொல்லிச் சொல்லியே ஹாஜியாரும் நின்றார். உம்மா கப்பை வாப்பாவின் கையில் வைத்தார். வாப்பா ஒரு தரம் திருகிப் பார்த்தார். சுற்றிலும் நின்றவர்களைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து விரல் நீள ஸ்பானர் ஒன்றை எடுத்து, மூடியில் தான் பூட்டிய அந்த போல்ட்டை மெல்லத் தளர்த்தினார். 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே போனது. மூடி இரண்டு விரலுக்கே கழன்று வந்தது. உள்ளேயிருந்து ஆவி எழும்பியது. எங்கள் கட்சி கைதட்டியது.

"அதுக்குத்தானே அந்த போல்ட்டை வச்சனான்" என்றார் வாப்பா.

அது பொய் என்று அந்த இறங்குதுறையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். உம்மா கப்பை வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்து, பிஸ்மி சொல்லி, குடிக்கத் தொடங்கினார். எங்கள் வீட்டில் எதை ஆக்கினாலும் எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியில் சட்டியை வழிப்பவர் அவர். அன்று யாருக்கும் ஒரு வாய் கொடுக்கவில்லை. எனக்கும் இல்லை. உப்புப் பார்க்கிறேன் என்று வாப்பா நீட்டிய கையைக் கண்டும் காணாததுபோல் முதுகைத் திருப்பிக்கொண்டு, கண்ணை மூடி, கடைசிப் பருக்கை வரை குடித்தார்.

"சூடா, மிஸி?" என்று கேட்டார் அந்தோனி அண்ணன்.

உம்மா வாய் நிறையக் கஞ்சியோடு தலையை ஆட்டினார். அதைப் பார்த்த பிறகுதான் சனங்கள் கலைந்தார்கள்.

இப்போது மூதூருக்குப் பாலங்களைத் தாண்டி பஸ் போகிறது. கடலில் நோன்பு திறக்க வேண்டிய தேவை எங்களில் யாருக்கும் இல்லை. வாப்பா மவுத்தாகி, எங்களை விட்டுப் போய்ச் சில வருடங்கள். போன ரமழானில் சாச்சியைப் பார்த்துவிட்டு நானும் உம்மாவும் பஸ்ஸில் திரும்பும்போது கிண்ணியாவுக்குக் கிட்ட நோன்பு திறக்கும் நேரம் வந்தது. ஆளாளுக்குக் கைத்தொலைபேசியில் நேரம் பார்த்து, ஆளாளுக்கு ஒரு கப்பைத் திறந்து, ஆளாளுக்கு யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு குடித்தார்கள். என்னுடைய கப் பொத்தானை அழுத்தினாலே திறக்கும், வாயும் அகலம், ஒழுகவே ஒழுகாது. காலையில் ஊற்றியது பின்னேரமும் கொதிக்கும். சாச்சி கொடுத்துவிட்ட கஞ்சியை அதில் உம்மாவிடம் நீட்டினேன். ஒரு மிடறு குடித்துவிட்டு வாயைத் திறந்தபடி காற்று வாங்கினார். அவருடைய நாக்குக்கு இப்போது சூடு ஆகாது. மூடியைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு ஆறட்டும் என்று காத்திருந்தார். பாலம் வந்தது, போனது. கஞ்சி ஆறவில்லை.

"உங்கட வாப்பா இருந்தா இதுக்கிடையில இதைப் பழுதாக்கியிருப்பார்" என்றார் உம்மா.

வாப்பா போன நாளிலிருந்து உம்மா அவரைப் பற்றி நல்லதைத் தவிர வேறொன்றும் சொன்னதில்லை. அவ்வளவு நல்லவராகிப்போன அவரை எனக்கு அடையாளம் தெரியாமலே போய்க்கொண்டிருந்தது. வருடங்களுக்குப் பிறகு உம்மா அவரைக் குறை சொல்லிக் கேட்டதும், எனக்கு நோன்பு திறந்ததுபோல் இருந்தது.