பூஜைக்கு வந்த நகல்

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் வேதாவைக் கூப்பிட்டுப் பயனில்லை. செங்கம் ரோட்டில் அவளும் கணவர் பிரசாத்தும் வைத்திருந்த போட்டோ ஸ்டுடியோவுக்கு எதிரே நான் தையல் மிஷின் போட்டிருந்தேன். கண்ணாடிக் கதவு வழியே அவள் தெரிவாள். திரையில் இருக்கும் மணப்பெண்ணின் நெற்றியில் கலைந்த முடியை மெல்லச் சரிசெய்துகொண்டிருப்பாள். கதவுக் கண்ணாடியில் ஊரை ஒட்டிய மலையின் பிம்பம் விழுந்திருக்கும். மேகம் நகரும்போது அந்த முகங்களே மேகத்துக்குள் போய்த் திரும்புவதுபோல் இருக்கும்.

படம் எடுப்பது பிரசாத். எடுத்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, கேமரா கார்டை அழித்துக்கொண்டு அடுத்த கல்யாணத்துக்குப் போய்விடுவார். வேதாவுக்கு மனசு ஒப்பாது. ஒவ்வொரு கல்யாணத்தையும் சிடியில் நகல் எடுத்து, சாயங்காலம் அடி அண்ணாமலையில் இருந்த வீட்டுக்குக் கொண்டுபோய் வைப்பாள்.

"இன்னாத்துக்கு இது? கம்ப்யூட்டர் இன்னா எழுந்து ஓடவா போவுது?" என்பார் பிரசாத்.

"கெட்டுப்போனா? ஊரான் வூட்டுக் கல்யாணங்க. நம்மள நம்பிக் கொடுத்து வெச்சிருக்காங்க."

இரண்டாயிரத்து ஆறாம் வருடம் ஆயுத பூஜைக்கு ஸ்டுடியோவைக் கழுவி மாவிலை கட்டினார்கள். கேமரா, லைட், கம்ப்யூட்டர் எல்லாம் சரஸ்வதி படத்தின் முன்னால் வந்து உட்கார்ந்தன. பிரசாத் சுற்றிலும் பார்த்தார்.

"சிடிங்க எங்க? அதுவும் தொழில் சாமான்தானே? அத மட்டும் வுட்டா சாமி கோச்சுக்காதா?"

வேதாவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் எடுத்துவந்து, உறைமேல் ஒவ்வொன்றாகச் சந்தனப் பொட்டு வைத்தாள். படைத்ததை மறுநாள்வரை தொடக்கூடாது. விளக்கை எரியவிட்டு ஷட்டரை இறக்கினார்கள்.

காலையில் ஷட்டர் இடுக்கில் புகை வந்துகொண்டிருந்தது. எலி திரியை இழுத்துப் போயிருக்க வேண்டும். அருவி வரைந்த பின்திரைத் துணி இருந்த இடத்தில் கரிச் சுவர். கம்ப்யூட்டர் உருகிச் சாய்ந்திருந்தது. சிடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்பு அடைபோல் கிடந்தன.

மற்றக் கல்யாணங்கள் ஆல்பமாகிப் போய்ச் சேர்ந்துவிட்டன. கீழ்பென்னாத்தூர் அப்பாதுரையின் மகள் கல்யாணம் மட்டும் பிரிண்டுக்கே போகவில்லை.

"இது வெளிய தெரிஞ்சா நம்ம கடைக்கு எவன் வருவான்?" பிரசாத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"மறைச்சாத்தாங்க வரமாட்டான்" என்றாள் வேதா. அப்பாதுரையிடம் நேரில் சொல்லிவிட்டு வர, துணைக்கு என்னைக் கூப்பிட்டாள்.

பஸ்ஸில் அவள் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். வேர்க்கடலைக் கொல்லைகள் பின்னால் ஓடின. "தாலி ஏறும்போது அந்தப் பொண்ணு கண்ண மூடிக்கிச்சுக்கா. எனக்கு இப்பவும் அப்படியே தெரியுது. ஆனா யாருக்கும் எடுத்துக் காட்ட முடியாதே" என்றாள்.

அப்பாதுரை களத்தில் கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். வேதா நடந்ததைச் சொல்லச் சொல்ல, காலால் கடலையைத் தள்ளிக்கொண்டே இருந்தார்.

"ஒரு படங்கூடவா இல்ல?"

"இல்லீங்க ஐயா."

பிறந்த வீட்டுக்கு வந்திருந்த மகள் தேவிப்ரியா வாசலில் நின்று எல்லாம் கேட்டிருக்கிறாள். "அந்தப் பட்டுப்புடவைய இன்னும் மடிச்சுக்கூட வெக்கலப்பா. திரும்பக் கட்டிக்கறேன். மேளக்காரங்கள மட்டும் கூப்புடாத" என்றாள்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உன் வூட்டுக்காரன் வருவானா?"

"வராம? மொத தபா தூங்கி வழிஞ்சாரே, இப்பவாவது முழிச்சிருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை இரவல் கேமராவோடு போனோம். வாசலில் கோலம், கழுத்தில் புது மாலை. அக்கம்பக்கத்துப் பெண்கள் சிரித்துக்கொண்டே மறுபடி அட்சதை போட்டார்கள். இந்த முறை தேவிப்ரியா கண்ணை மூடவில்லை. மாப்பிள்ளையை நேராகப் பார்த்தாள். இலை நிழல் இருவர்மேலும் அசைந்தது. இது வேறொரு கல்யாணம்தான். பழையது வேதாவின் நினைவில் மட்டும் எங்கோ நடந்துகொண்டிருந்தது.

ஆல்பம் கொடுக்கப் போனபோது, அதோடு ஒரு சிடியையும் அப்பாதுரையின் கையில் வைத்தாள்.

"இது உங்க வூட்லயே இருக்கட்டும் ஐயா. பூஜைக்கு வேணும்னு நானே வந்து கேட்டாலும் கொடுக்காதீங்க."