பத்தாவது ஆள்

எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த ஏலக்காய் வியாபாரிக்கு ஃபோன் வந்தால், அவர் ஊரில் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று அர்த்தம். அவர் ஊர் கொச்சி. யூதர். போடியில் எங்கள் தெருக்காரர்களுக்கு அந்தச் சொல் பிடிபடவில்லை. கிறிஸ்தவ வேதக்காரர்களில் அது ஒரு வகை என்று தாங்களே முடிவு செய்துகொண்டு, ‘கொச்சிக்காரர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு அவர் கொச்சி மாமா. மனைவியும் பிள்ளைகளும் இஸ்ரேலுக்குப் போய் வெகு காலம் ஆகியிருந்தது. அவர் மட்டும் மலைத்தோட்டங்களில் காய் வாங்கி, சலித்துத் தரம் பிரித்து விற்றுக்கொண்டு தனியாக இருந்தார்.

ஃபோன் கீழே எங்கள் வீட்டில்தான் இருந்தது. கொச்சியிலிருந்து அழைப்பு என்றால் மாடிக்கு ஓடிப்போய்ச் சொல்வது என் சோலி. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே இறங்கி வருவார். அப்பா ஜீப்பு டிரைவர். கையில் இருக்கும் சோற்றை உதறிவிட்டு வண்டியை எடுப்பார்.

எங்கள் வகையறாவில் சாவுக்கு ஆள் பஞ்சமே கிடையாது. கேதம் என்று காதில் விழுந்தால் போதும், தேவாரமும் ராசிங்காபுரமும் ஊரோடு வேன் பிடித்து வந்து இறங்கிவிடும். யார் முதலில் கோடி போடுவது என்று பங்காளிகள் முறைத்துக்கொண்டு நிற்க, பிணம் பாட்டுக்குக் காத்துக் கிடக்கும். அதனால் மாமாவின் ஓட்டம் அம்மாவுக்கு விளங்கவே இல்லை.

“கேதத்துக்கு ஒரு ஆளு கொறஞ்சா யாருக்குத் தெரியப் போகுது? இந்த மழைக்குள்ள ஏன் இப்படி ஓடுறாக?” என்றாள் ஒரு நாள்.

அன்றும் ஃபோன் வந்திருந்தது. கொச்சியில் ஒரு வயதான அம்மாள் இறந்திருந்தார். பள்ளிக்கூடம் லீவு என்பதால் நானும் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். என்னை இறக்கிவிட அவர்களுக்கு நேரமில்லை.

போடிமெட்டு ஏறி, பூப்பாறை தாண்டியதும் ரோட்டின் குறுக்கே மரம் விழுந்து கிடந்தது. தோட்டத்து ஆட்கள் அரிவாளோடு வந்து கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். மாமா வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, அவர்களோடு சேர்ந்து கிளைகளை இழுத்தார். இழுப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தார்.

“அண்ணே, நீங்க போகாட்டி அங்க ஒண்ணும் நடக்காதா?” என்று அப்பா கேட்டே விட்டார்.

நடக்காதாம். செத்தவருக்காக மகன் சொல்ல வேண்டிய பிரார்த்தனை ஒன்று இருக்கிறது. அவர்கள் ஆட்களில் பத்து ஆண்கள் கூடி நின்றால்தான் அதைச் சொல்லலாம். ஒன்பது பேரும் மகா பண்டிதர்களாக இருந்தாலும் முடியாது. பத்தாவதாக வருபவன் ஒன்றும் தெரியாத மண்டாக இருந்தாலும் போதும். எல்லாரும் இஸ்ரேல் போய்விட, அங்கே மிச்சம் இருக்கிற ஆண்கள் அவரையும் சேர்த்துச் சரியாகப் பத்துப் பேர்.

“அப்ப நானு?” என்று கேட்டேன்.

“எங்க வழக்கத்துல பெண்பிள்ளைகள் கணக்குல இல்ல மோளே” என்றார்.

எங்கள் கோயில் கும்பிடுக்கு வரி போட ஆண்களை மட்டும் தலைக்கட்டாக எண்ணும்போதும் நான் இல்லை, இங்கேயும் இல்லையா என்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அடிமாலி வரை அவரோடு பேசவில்லை.

இருட்டும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். அவர்களுடைய ஜெப ஆலயத்து வாசலில் ஒரு பெரியவர் நின்று, உள்ளே போகிற ஒவ்வொருவரையும் பார்த்து ஒரு சொல் சொன்னார். மனிதரை எண்ணக்கூடாது என்பதால் பத்துச் சொல் கொண்ட ஒரு வாக்கியத்தை ஆளுக்கு ஒன்றாகச் சொல்வார்களாம். அப்பாவுக்கு அது சட்டென்று விளங்கியது. களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று சொல்லாமல் ‘லாபம்’ என்பவர்தானே அவர். கடைசிச் சொல் மாமாவுக்குக் கிடைத்தது. பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் கதவோரம் நின்று பார்த்தேன். மாமா ஏதோ பெரிய காரியம் செய்யப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையில் குல்லாவோடு கடைசி வரிசையில் சும்மா நின்றார். இறந்த அம்மாளின் மகன் அழுதுகொண்டே பிரார்த்தனையைச் சொல்ல, மற்றவர்களோடு சேர்ந்து நடுநடுவே ‘ஆமென்’ என்றார். அவ்வளவுதான். முடிந்ததும் அந்த மகன் எல்லார் கையையும் பிடித்தான், மாமாவைத் தவிர. மாமாவும் அவன் பக்கம் திரும்பாமல் வந்து ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

திரும்பும் வழியில் டீக்கடையில் அப்பா மெல்ல ஆரம்பித்தார். “அந்தாளு ஒங்ககிட்ட ஒரு வார்த்தை பேசலையேண்ணே?”

“அவனுக்கும் எனக்கும் பேச்சில்ல. ஒரு வீட்டுப் பங்கு விவகாரம். வருஷக்கணக்காச்சு.”

“பெறகு எதுக்கு இந்த மழையில அடிச்சுப் பிடிச்சு வந்தீக?”

“பிணக்கு வேற, பத்து வேற தம்பி.”

“அப்படின்னா, பிள்ளைககிட்டப் போகாம இங்க ஒத்தையில கெடக்குறதும் அதுக்குத்தானா?”

மாமா டீயை ஆற்றினார். “நான் பிளேன் ஏறினா இங்க ஒன்பதாயிடும்ல.”

அப்பா பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுப் போய் வண்டியைக் கிளப்பினார். மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தன் அண்ணனை நினைத்தாரோ என்னவோ. நான் தூங்கிப்போனேன்.

அடுத்த மழைக்கு மறுபடி ஃபோன் வந்தது. இந்த முறை செத்துப்போனது, போன மழையில் பத்தில் ஒருவனாய் நின்று அழுத அந்த மகனேதான். நான் மாடிக்கு ஓடினேன். மாமா சல்லடையோடு உட்கார்ந்திருந்தார். சொன்னேன். எழுந்திருக்கவில்லை. தட்டில் இருந்த காய் முழுவதையும் சலித்து முடித்தார். பிறகு சட்டையை எடுத்து, ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டு இறங்கினார். கீழே அப்பா ஜீப்பைக் கிளப்பி உறுமவிட்டுக்கொண்டிருந்தார்.

“வெரசா ஏறுங்கண்ணே, மழை பிடிக்குறதுக்குள்ள மெட்டு ஏறிரலாம்.”

“அணைச்சிடு தம்பி. இனி அவசரமில்ல. மெல்லப் போவோம்.”

அம்மாவிடம் ஒரு காப்பி கேட்டு வாங்கிக் குடித்தார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்பா ஏற்கெனவே துடைத்திருந்த கண்ணாடியைத் திரும்பத் துடைத்தார். இவர்களுக்கெல்லாம் என்ன வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்கோ ஏகக் கொண்டாட்டம். மூணாறில் இறங்கி மேகம் பார்த்தோம். அடிமாலியில் பழம்பொரி கேட்டேன், வாங்கிக் கொடுத்தார். இன்னொன்று கேட்டேன், அதுவும் கிடைத்தது. கை காட்டிய இடத்திலெல்லாம் வண்டி நின்றது. கொச்சிக்குப் போனதிலேயே அதுதான் நல்ல பயணம் என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொன்னேன். ஏன் அவசரமில்லை என்று மட்டும் அவரிடம் கேட்கத் தோன்றவில்லை.