மாவு பிசைகிறவள்

நோர்வூட்டுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்தில், ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரையைத் தொடாது. யார் வீட்டில் என்ன குழம்பு, யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் எல்லாருக்கும் அத்துப்படி. ஆளைப் பார்க்காமலே, சத்தத்தை வைத்து மனதைப் படித்துவிடுவோம் என்று எங்களுக்கு ஒரு நினைப்பு. நானும் அப்படி நினைத்துத்தான் ஏமாந்தேன்.

ஆங்கில ஆசிரியர் வேலைக்கான எழுத்துப் பரீட்சையில் தேறியிருந்தேன். நேர்முகப் பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதற்காகவே மாலையில் உரக்கப் படிக்கத் தொடங்கினேன். சொற்கள் பிறந்த கதையைச் சொல்லும் பழைய புத்தகம் ஒன்று ஹட்டனில் கிடைத்திருந்தது. ஆங்கிலத்தில் ஒரு பத்தி வாசித்துவிட்டு, அதையே தமிழில் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ‘விண்டோ’ என்றால் காற்றின் கண்ணாம். ‘பிரேக்ஃபஸ்ட்’ என்றால் விரதத்தை முறிப்பது. காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்க வெறும் தேத்தண்ணியோடு ஓடி, பத்து மணிக்கு மலையில் ரொட்டியைப் பிரிக்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

நான் வாயைத் திறந்ததும் அடுத்த காம்பராவில் டிவி சத்தம் சட்டென்று குறையும். அங்கே இருந்தவர் கொழுந்தெடுக்கும் ஓர் அக்கா. நாளெல்லாம் மலையில் நின்றுவிட்டு வந்து நாடகம் பார்ப்பவர். என் சத்தத்தில் நாடகம் கேட்கவில்லை, போதும் நிறுத்து என்றுதான் டிவியைக் குறைத்து ஜாடை காட்டுகிறார் என்று நானே முடிவு கட்டினேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கு ரோஷம். ‘லார்ட்’, அதாவது துரை, என்றால் ஆதியில் பாண் ரொட்டிக்குக் காவல்காரன் என்ற இடத்தோடு புத்தகத்தை மூடினேன். அப்புறம் முணுமுணுக்கக்கூட இல்லை.

ஒரு வாரம் போயிருக்கும். பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது அக்கா வந்து பக்கத்தில் நின்றார்.

“ஏம்புள்ள, சத்தத்தையே காணோம்? தொரைன்னா பாணுக்குக் காவல்காரன்னு சொன்னியே, அப்ப தொரைசாணி யாரு?”

டிவியைக் குறைத்தது நான் சொல்வது காதில் விழவேண்டும் என்றுதானாம். வெட்கத்தில் குடம் நிரம்பி வழிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. ‘லேடி’ என்றால் ஆதியில் மாவு பிசைகிறவள் என்று சொன்னேன். விடியுமுன்னே எழுந்து ஐந்து பேருக்கு ரொட்டிக்குப் பிசைகிறவர் அவர். சிரித்துவிட்டு, இனி வீட்டுக்காரர் தன்னை அப்படித்தான் கூப்பிடவேண்டும் என்றார்.

அன்று மாலை கூரை அதிரப் படித்தேன். புரியாத இடத்தில் சுவருக்கு அப்பாலிருந்து கேள்வி வந்தது. மறுநாளும் வந்தது. பதில் சொல்லிச் சொல்லியே எனக்குப் பேச்சு வந்தது. நேர்முகப் பரீட்சையில், பிடித்த ஆங்கிலச் சொல் ஒன்றைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எதிரே இருந்த மூவரையும் பக்கத்துக் காம்பராக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டு மாவு பிசைகிறவளைப் பற்றிப் பேசினேன்.

வேலை கிடைத்தது, ஹட்டனில். தங்குவதற்கும் அங்கேயே ஓர் அறை பார்த்தாயிற்று. புறப்படும் நாளில் அக்காவிடம் போய், எல்லாம் உங்களால்தான் என்று சொன்னேன். மனதார, கண் கலங்கித்தான் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நா அஞ்சாம் வகுப்போட நின்னவ. ஒன் சத்தத்துலதான் மறுபடி பள்ளிக்கூடம் போனேன். நீ போய்ட்டா எனக்கு இனி யாரு படிப்பா?”

நன்றி சொல்லத்தான் வந்திருந்தேன். வாங்கிக்கொண்டது நான் மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

வந்த சனிக்கிழமையே, அக்கா எழுதிப் படிக்க ஒரு கொப்பியும் பேனையும் வாங்கிக்கொண்டு நோர்வூட் பஸ்ஸில் ஏறினேன். அக்கா டிவியை அணைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்தார்.